மரிவெல்லாவின் பால் ஜக்

செய்தி வந்தபோது பகல் பன்னிரண்டரை. வைஜெயந்தி பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் வீட்டு வரி கட்டும் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் இரண்டே பேர்தான். சாப்பாட்டு நேரத்துக்கு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள் என்ற அவசரத்தில், போன் அடித்தும் எடுக்காமல் விட்டாள். மறுபடி அடித்தது. மூத்தார் மகன் ராஜ்கமல்.

"சித்தி, எங்க இருக்கீங்க?"

"கொம்யூன்லடா. வரி கட்டிட்டு வந்துடறன். இன்னா?"

"சித்தப்பா கிருமாம்பாக்கம் பஸ் ஸ்டாப்ல மயங்கி வுழுந்துட்டாரு. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கியாந்துருக்கோம். நீங்க இங்க வராதீங்க. வூட்டுக்குப் போங்க."

ஆஸ்பத்திரிக்கு வராதே, வீட்டுக்குப் போ என்றால் என்ன அர்த்தம் என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவள் வரிசையை விட்டு விலகினாள். பின்னால் நின்ற ஆள் ஒரு அடி முன்னால் நகர்ந்துகொண்டார்.

அவள் புருஷன் பலராமன் அன்று காலை கிளம்பியது கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு பழம்பொருள் கடைக்கு. உடைத்த கப்பலிலிருந்து ஒரு சுவர்க் கடிகாரம் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். கடிகாரம் அவர் தேடுகிற கப்பலுடையதாக இருக்காது என்று பலராமனுக்கே தெரியும். பாதி தடவை அப்படித்தான் ஆகும். தெரிந்தேதான் போனார்.

குருவிநத்தத்தில் அவருக்குக் கப்பல்காரர் என்று பெயர். பெயர்தான் பெரிது. கப்பலில் அவர் செய்தது சலவை வேலை. பாண்டிச்சேரியில் ஒரு ஓட்டலில் படுக்கை விரிப்புத் துவைத்துக்கொண்டிருந்தவரை ஒரு ஏஜெண்டு பம்பாய்க்கு அழைத்துப்போய், ‘மரிவெல்லா’ என்ற உல்லாசக் கப்பலில் ஏற்றிவிட்டான். மத்தியதரைக் கடலில் தீவு தீவாகச் சுற்றிவந்த பழைய கப்பல் அது. சலவைக்கூடம் அதன் அடிவயிற்றில், தண்ணீர் மட்டத்துக்கும் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. லீவில் ஊருக்கு வரும்போது ஆட்கள் கேட்பார்கள்.

"அங்கெல்லாம் கடல் எப்பிடிப்பா இருக்கும்?"

"கடல நான் எங்க பாத்தன்? போர்வையத்தான் பாத்தன்."

வேடிக்கைக்குச் சொல்வதாக நினைத்து அவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். வருஷக்கணக்கில் அந்தக் கப்பலில் கிடந்தும், பயணிகள் உட்காரும் இடம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. கீழே வேலை செய்கிறவன் மேலே போகக் கூடாது. அது கப்பல் சட்டம்.

ஒரே ஒரு தடவை, மேல்தளத்து டீ ஹாலில் கைத்துண்டு தீர்ந்துபோய், கொண்டுபோக வேறு ஆள் இல்லாமல் பலராமனையே மூட்டையோடு அனுப்பினார்கள். இரும்புப் படி முடிந்து கம்பளம் தொடங்கும் இடத்தில் ஒரு கதவு. கதவில் வட்டக் கண்ணாடி. அதன் வழியே ஒருத்தன் வெள்ளித் தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவது தெரிந்தது. தட்டில் டீ கெண்டி, சர்க்கரைக் கிண்ணம், பால் ஜக். மூன்றின் வயிற்றிலும் கப்பலின் முத்திரை, இரண்டு அலைக்கு நடுவே ஒரு நாரை. அவர் துவைத்துத் தேய்த்த ஒவ்வொரு துணியின் மூலையிலும் இருந்த அதே நாரைதான், இங்கே வெள்ளியில் பளபளத்தது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று எக்கினார். அதற்குள் கதவு திறந்தது. மூட்டையை வாங்கிக்கொண்ட பரிமாறுகிற ஆள் தமிழில் சொன்னான்.

"நில்லுடா. உள்ள வராத. என் வேலைக்கு வேட்டு வெச்சிடாத."

கதவு சாத்திக்கொண்டது. அந்த ஆள்தான் வில்லியனூர் மரியதாஸ்.

கப்பல் கிழடாகி உடைக்கப் போனதும் பலராமன் ஊரோடு வந்து கழனியைப் பார்த்துக்கொண்டார். நெல், கரும்பு, மோட்டார் ரிப்பேர் என்று கொஞ்ச காலம் போயிற்று. மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் ஒரு நாள், பழைய கதவு ஒன்று வாங்கப் போன பழம்பொருள் கடையில், ஆணிகளைப் போட்டு வைத்திருந்த ஒரு சாம்பல் கிண்ணத்தில் நாரையைப் பார்த்தார். கதவை விட்டுவிட்டுக் கிண்ணத்தோடு வீட்டுக்கு வந்தார். கிறுக்கு பிடித்துக்கொண்டது.

முன் அறையில் டி.வி. இருந்த இடத்துக்குக் கண்ணாடி அல்மாரா வந்தது. டி.வி. படுக்கை அறைக்குப் போயிற்று. அல்மாராவில் அறைச் சாவிகள், சாப்பாட்டுப் பட்டியல் அச்சடித்த அட்டைகள், பெட்டியில் கட்டும் சீட்டுகள், விரிசல் விட்ட தட்டுகள். செல்போனில் உலகம் முழுக்க இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் அவரும் சேர்ந்தார். சேர்ப்பது என்றால் கிடைப்பது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பலராமன் அனுபவத்தில் அது முக்கால்வாசி கிடைக்காமல் போவது. அவர் யோசித்து முடிப்பதற்குள் வேறு ஒருவன் வாங்கியிருப்பான். வாங்கியது கூரியரில் நொறுங்கி வரும். முழுசாக வந்தது போலியாக இருக்கும். அப்படி வந்த ஒரு தட்டில் நாரைக்குக் கால் மூன்று இருந்தது.

வைஜெயந்தி சும்மா இருக்கிறவள் இல்லை. "ஊர்ல ஒருத்தன் நெலம் வாங்கறான், ஒருத்தன் மாடு வாங்கறான். எம் புருஷன் எவனோ தின்னுட்டுப் போன தட்ட வாங்கறான்" என்பாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "அத்தத் தொடாதீங்க, வெள்ளக்காரன் எச்சில் பண்ணது, ரொம்ப ஒசத்தி" என்பாள். பலராமன் தன் பாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அந்த டீ ஹால் சாமான் மட்டும் அவரை வாட்டி எடுத்தது. தட்டு முதலில் கிடைத்தது. டீ கெண்டி குஜராத்திலிருந்து ஒரு ஆள் மூலமாக வந்தது. சர்க்கரைக் கிண்ணம் சென்னையில் அகப்பட்டது. தட்டில் மூன்று பாத்திரத்துக்கும் மூன்று வட்டப் பள்ளம் உண்டு. மூன்றாவது பள்ளம் காலியாகவே கிடந்தது. பால் ஜக் எங்கே இருக்கிறது என்றும் அவருக்குத் தெரியும். அதுதான் பெரிய கொடுமை. கப்பலை விட்டு இறங்கும்போது மரியதாஸ் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இப்போது வில்லியனூரில் தன் வீட்டில் அதில் சவரத்துக்குத் தண்ணீர் வைக்கிறார்.

மாதம் தவறாமல் பலராமன் பஸ் பிடித்து வில்லியனூர் போவார்.

"அண்ணே, அத்தக் குடுத்துடுங்கண்ணே. அதுக்குப் பதிலா எவர்சில்வர்ல ஒண்ணு வாங்கித் தர்றன்."

"எவர்சில்வர்ல வெந்நி சீக்கிரம் ஆறிப்போவுதுடா பலராமா."

"அப்ப பித்தளைல."

"பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்க்கணும். உன் அண்ணி தேய்க்கறாளா, நீ வந்து தேய்க்கறியா?"

"ஏண்ணே, நான் என்னா கேட்டுட்டன். ஒரு சொம்பு."

"நீ ஒரு சொம்புங்கற. நான் மொகம் மழிக்கற சாமாங்கறன். அத்தக் குடுத்துட்டா நான் தாடி வளத்துகினு தேவாலயத்துக்குப் போகணும். ஃபாதர் யாருன்னு ஜனங்களுக்குக் கொழப்பம் வந்துடும்."

மரியதாஸுக்கு இது விளையாட்டு. டீ போட்டுக் கொடுப்பார், பழைய கதை பேசுவார், ஜக்கை மட்டும் தர மாட்டார். திரும்பி வந்தால் பலராமனுக்கு இரண்டு நாள் எந்த வேலையிலும் மனசு ஓடாது. கழனியில் மடை திறந்தால் மூட மறப்பார். "ஒரு கெழவன்கிட்டருந்து ஒரு டம்ளர வாங்கத் துப்பில்ல" என்று வைஜெயந்தி குத்துவாள். வருஷங்கள் இப்படியே போயின.

கடைசியில் மரியதாஸே போன் செய்தார். கை ஆட ஆரம்பித்துவிட்டது, பிளேடு பிடிக்க முடியவில்லை, இனிமேல் சலூன்தான், வந்து எடுத்துக்கொண்டு போ என்றார். பலராமன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடினார். மஞ்சள் பையில் கொண்டுவந்து அவர் வெளியே எடுத்ததைப் பார்த்து வைஜெயந்திக்குச் சிரிப்பு வந்தது. பல வருஷத்து வெந்நீரும் சோப்பும் ஏறி, அட்டைக் கறுப்பாய், ஒரு பக்கம் ஒடுங்கி, நாரை இருக்கும் இடமே தெரியாமல் இருந்தது. இதுக்காடா இத்தனை வருஷம் என்று அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். பலராமன் அதைச் சமையல்கட்டில் பல்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். பல்பொடி போட்டுத் தேய்த்து வெளுத்த பிறகுதான் அல்மாராவுக்குப் போக வேண்டும் என்றார்.

"எவனோ மொகம் மழிச்ச சொம்ப சோறாக்கற எடத்துல வெக்காதீங்க" என்று அவள் அதை எடுத்துக்கொண்டுபோய், பின்பக்கம் துணி துவைக்கிற கல்லடியில், ஓட்டைப் பக்கெட்டுக்கும் பழைய தேக்சாவுக்கும் நடுவில் போட்டாள். அவர் தேய்க்க நேரம் தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் கடிகாரம் வந்திருக்கிறது என்று கடைக்காரனிடமிருந்து போன்.

தகனம் மறுநாள் நடந்தது. ஆண் பிள்ளை இல்லாததால் ராஜ்கமல்தான் கொள்ளி வைத்தான். அதற்கு மறுநாள் காலை பால் தெளிக்கப் பெண்ணையாற்றங்கரைச் சுடுகாட்டுக்கு ஆண்கள் கிளம்பினார்கள். சுடுகாட்டுக்குப் போன பாத்திரம் வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது. பாலை வார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டு வர வேண்டும். அதனால் யாரும் நல்ல பாத்திரத்தைக் கொடுக்க மாட்டார்கள்.

மூத்தார் மனைவி தையலம்மாள் பின்பக்கத்திலிருந்து வந்து கேட்டாள். "வைஜி, பால் கொண்டும்போவ ஒண்ணு வேணும். கல்லாண்ட ஒரு கறுப்புச் சொம்பு கெடக்குதே, ஒதவாததுதான? அத்த எடுத்துக்கட்டா?"

வைஜெயந்தி தலையாட்டினாள். யார் எது கேட்டாலும் தலையாட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

ஒரு வாரம் கழித்து மரியதாஸ் வந்தார். செய்தி அவருக்குத் தாமதமாகத்தான் போயிருக்கிறது. வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, "தங்கச்சி, அந்த அல்மாராவத் தொற" என்றார். "நாலும் ஒண்ணா இருக்கறத போட்டோ புடிச்சி அனுப்பறன்னான். அனுப்பாமலே போயிட்டான். நானாவது பாத்துட்டுப் போறன்."

அவள் சாவியைக் கொண்டுவந்து திறந்தாள். தட்டு இருந்தது. டீ கெண்டி, சர்க்கரைக் கிண்ணம் இருந்தன. மூன்றாவது பள்ளம் காலி.

"ஜக் எங்க?"

அவள் பின்பக்கம் போனாள். ஓட்டைப் பக்கெட் இருந்தது. தேக்சா இருந்தது. அப்போதுதான் தையலம்மாள் கேட்டதும் தான் தலையாட்டியதும் நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து சொன்னபோது மரியதாஸ் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"இருவது வருஷம் நான் குடுக்கல," என்றார். "குடுத்த ஒரு வாரத்துல நீ குடுத்துட்ட."

தையலம்மாளுக்கு இது புரியவே இல்லை. "அது அலுமினியம்தானடி?"

"வெள்ளி முலாம்க்கா."

"பாத்தா அப்பிடித் தெரியலியே. இன்னா இப்ப, அவருக்குப் புடிச்ச சாமான்லயே அவருக்குப் பால் போயிருக்குது. நல்லதுதான்."

எல்லோரும் அதையே சொன்னார்கள். மகள் போனில் அதையே சொன்னாள். ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆளுக்கு ஆள் சொல்லி உச்சுக் கொட்டினார்கள். வைஜெயந்திக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அதைத் தேடியது பால் வார்த்துக்கொள்வதற்காக இல்லை. அந்தப் பள்ளத்தில் வைப்பதற்காக. கேட்டது அது ஒன்றுதான். அவர் இருந்த வரைக்கும் அவள் அதை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. இப்போது கண்ணை மூடினால் அந்த வட்டமான காலி இடம்தான் வந்து நின்றது.

மயானத்தில் வேலை பார்க்கும் வீரப்பன் கருமாதி அன்று அரிசியும் வேட்டியும் வாங்கிக்கொள்ள வந்தார். அவள் வாசல்வரை போய்க் கேட்டாள்.

"எங்கிட்டதாம்மா இருக்குது," என்றார் வீரப்பன். "நல்ல கனமா இருந்துது. குடத்துலருந்து தண்ணி மொண்டுக்க வெச்சிருக்கன். வேணும்னா ஒரு பிளாஸ்டிக் மக்கு குடுத்துட்டு வாங்கிக்குங்க. எனக்கு மொள்ள எதுனா இருந்தாப் போதும்."

இவ்வளவு சுலபமா என்று அவள் நினைத்த அந்த நிமிஷமே பின்னாலிருந்து மூத்தார் காத்தவராயனின் குரல் வந்தது.

"இன்னா வைஜெயந்தி பேசற? செத்தவனுக்குப் பால் வாத்த பாத்திரத்த வூட்டுக்குள்ள கொண்டாரப் போறியா?"

"கழுவிட்டு வெச்சிக்கறன் மாமா. அடுப்புல ஏத்தப் போறதில்ல. அல்மாராவுலதான்."

"எதுல இருந்தா இன்னா? வாசப்படி தாண்டக் கூடாது. வீரப்பா, நீ குடுத்தேன்னா நல்லா இருக்காது, சொல்லிட்டன்."

"எனக்கு இன்னாத்துக்குங்க வம்பு," என்று வீரப்பன் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டார்.

அவள் விடவில்லை. மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். காத்தவராயன் மசியவில்லை. ஒரு தடவை பொறுக்க மாட்டாமல், "ஒரு சொம்புக்கு இவ்ளோ சாஸ்திரமா மாமா? போன வருசம் நீங்க சாவு வூட்டுக்குப் போயிட்டு, குளிக்காமலே டீக்கடையில ஒக்காந்து பஜ்ஜி தின்னீங்க. ஊரே பாத்துது" என்றாள். தையலம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். காத்தவராயன் சிரிக்கவில்லை. தூணில் சாய்ந்துகொண்டார்.

"கொள்ளி வெச்சது எம் பையன்," என்றார். "பால் வாத்ததும் எம் பையன். அந்தச் சொம்பப் புடிச்ச கை அவனுது. அது திரும்பி வந்து, நாளைக்கு அவனுக்கு ஒரு காச்சல் தலவலி வந்தாக்கூட எனக்குத் தூக்கம் போயிடும். உனக்குச் சாமான் பெருசு. எனக்கு அவன் ஒருத்தன்தான்."

அதைக் கேட்டு அவளுக்கு எரிச்சல் இன்னும் கூடியது. முட்டாள்தனம் என்று ஒதுக்க முடிகிற காரணமாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போய் எடுத்து வந்திருப்பாள்.

மரியதாஸுக்குப் போன் செய்து புலம்பினாள். "எங்க வூட்ல தீட்டு கீட்டு ஒண்ணும் இல்ல. வீரப்பன்கிட்டருந்து நான் வாங்கி எங்க வூட்லயே வெச்சிக்கறன்" என்றார் அவர். "வேணும்னா மத்த மூணையும் நீ இங்க கொண்டாந்து வெச்சிடு."

நல்ல மனசோடு சொன்னதுதான். கேட்டதும் அவளுக்குப் போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் போகலாம். வீரப்பன் குடத்தடியில் இருக்கலாம், வில்லியனூரில் இருக்கலாம். குருவிநத்தத்தில், பலராமன் வீட்டில், அதற்கென்று காலியாய்க் கிடக்கிற பள்ளத்துக்கு மட்டும் வரக் கூடாது.

நடவுக்குத் தண்ணீர் கட்டுகிற நாளில்தான் அது அவளுக்குத் தோன்றியது. காத்தவராயன் தன் பங்கு கழனிக்குப் போகிற வழியில் மண்வெட்டியோடு வாசலில் நின்று, மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிச் சாவி கேட்டார். அவள் சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மாமா, மோட்டார் கொட்டாய் வூடா, இல்லியா?"

"இன்னா கேள்வி இது?"

"சொல்லுங்க. வூடா?"

"அது எப்பிடி வூடாவும்? யாரு படுக்கறா அங்க? ஓணானும் எலியும்."

"வாசப்படி இருக்குதா?"

"வாசப்படி ஏது. ரெண்டு கல்லு."

"அப்ப அங்க வெச்சிக்கறன்."

காத்தவராயன் மண்வெட்டியைத் தோள் மாற்றினார். "ராஜ்கமல் அந்தப் பக்கம் போவ மாட்டான். நீயே வந்து மோட்டார் போட்டுக்கணும்" என்றார். அவர் கொடுக்கக்கூடிய சம்மதம் அவ்வளவுதான்.

அடுத்த நாள் மற்ற மூன்றையும் துண்டில் சுற்றிக்கொண்டு வரப்பு வழியாக அவள் போனாள். வீரப்பன் ஆற்றங்கரையிலிருந்து குறுக்கு வழியில் வந்து வாய்க்கால் கட்டைமேல் ஜக்கை வைத்துவிட்டு, அவள் கொண்டுபோன பச்சை பிளாஸ்டிக் மக்கை எடுத்துக்கொண்டார். "இதுதான் இலேசா இருக்குது" என்றார், திருப்தியாக.

கொட்டகைக்குள் ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே ஒரு பலகை உண்டு. கிரீஸ் டப்பாவையும் ஸ்பானரையும் தள்ளிவிட்டு, பழைய நாளிதழ் விரித்து, தட்டை வைத்தாள். டீ கெண்டியை ஒரு பள்ளத்திலும் சர்க்கரைக் கிண்ணத்தை ஒரு பள்ளத்திலும் வைத்தாள். ஜக்கை மூன்றாவதில் வைத்தாள். சரியாக உட்கார்ந்தது. கிணற்றுக்குள் ஏதோ ஒரு கல் உதிர்ந்து விழுகிற சத்தம் கேட்டது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நிறைந்தால் ஏதோ ஆகும் என்று எதிர்பார்த்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. மற்ற இரண்டும் மினுக்க, அது மட்டும் கறுத்து, ஒடுங்கி, சின்னதாக இருந்தது. இதைப் பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. வீட்டில் அல்மாரா நிறைய சாவியும் அட்டையும் இருக்கிறது. வந்தவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். இது இங்கே எண்ணெய்ப் பிசுக்கிலும் வெக்கையிலும், மோட்டார் போட்டால் பலகையோடு சேர்ந்து அதிர்ந்துகொண்டு கிடக்கும். ஒரு போட்டோ எடுத்து மரியதாஸுக்கு அனுப்பினாள். கொட்டகை இருட்டில் அதில் தட்டின் விளிம்பைத் தவிர எதுவும் தெரியவில்லை. "தெரியலியே தங்கச்சி, லைட்டு போட்டு எடு" என்று பதில் வந்தது. அங்கே லைட்டு கிடையாது.

கொட்டகைக் கதவுக்கு இதுவரை பூட்டு போட்டதில்லை. கயிற்றால் கட்டுவதுதான் வழக்கம். பாகூர் ஹார்டுவேர் கடையில் தாழ்ப்பாளும் திருகாணியும் வாங்கி வந்து, அவளே உட்கார்ந்து திருகினாள். மேலே இருக்கிற திருகாணிகள் ஏறிவிட்டன. கீழே கதவுப் பலகை இற்றுப்போயிருக்கிறது, திருகாணி நிற்காமல் சுற்றுகிறது. அங்கே ஒரு துண்டுக் கட்டை வைத்து அடிக்க வேண்டும். இன்னும் அடிக்கவில்லை.